எஸ்யூ போட்டு ஆள் மாறினால் ஃபோல்டர் திறக்கவில்லை, 777 கொடுத்தும் 'பெர்மிஷன் டினைட்'

கேள்வி:
வணக்கம். எங்கள் டியூஷன் சென்டரில் ஒரே கம்ப்யூட்டர்தான், அதில் உபுண்டு 22.04 லினக்ஸ். காலை வகுப்புக்கு ஒரு கணக்கு, மாலை வகுப்புக்கு ஒன்று. பெயரும் காலை, மாலை என்றே வைத்திருக்கிறோம். வினாத்தாள்கள் காலை கணக்கின் ஹோமுக்குள் (அதன் சொந்த ஃபோல்டர்) 'தேர்வு' ஃபோல்டரில் இருக்கின்றன. டெர்மினலில் கணக்கை மாற்றும் 'எஸ்யூ மாலை' கட்டளை கொடுத்தேன், ஆள் மாறிவிட்டது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ் அடித்தால் 'பெர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி இல்லை. தேர்வு ஃபோல்டருக்கு சிஎச்மோட் 777 கொடுத்து எல்லோருக்கும் முழு அனுமதி தந்தும் பலனில்லை. முன்பு 20.04 இருந்தபோது திறந்ததே! வெள்ளிக்கிழமை மாதத் தேர்வு. மாலை ஆசிரியை பென்டிரைவோடு அலைகிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பதில் 1:
'எஸ்யூ - மாலை' என்று நடுவில் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் ஆள்தான் மாறுவார், நிற்கும் இடம் மாறாது. நீங்கள் இன்னும் காலையின் ஹோமுக்குள்தான் நிற்கிறீர்கள்.

கேட்டவர்:
கோடு போட்டதும் எல்எஸ் வேலை செய்கிறது, நன்றி. ஆனால் தேர்வு ஃபோல்டர் இன்னும் திறக்கவில்லை.

பதில் 2:
அண்ணா, 'நேம்ஐ -எல்' என்று அடித்து, பக்கத்தில் அந்த ஃபோல்டரின் முழுப் பாதையையும் கொடுத்துப் பாருங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். அனுமதி எழுத்துகளாக வரும்; காலையின் ஹோம் எண்ணில் சொன்னால் 750 ஆக இருக்கும் பாருங்கள், அதாவது வெளியாருக்கு அனுமதியே இல்லை. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோமுக்கு அதுதான் வழக்கம்; அதற்கு முன் 755, வெளியாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். உள் அறையைத் திறந்து வைத்தாலும் வாசல் கதவு பூட்டியிருந்தால் எப்படி உள்ளே போவது? ஃபோல்டரைக் கடந்து போக அதன் எக்ஸ் அனுமதி வேண்டும்.

ஹோமைத் திறந்துவிடாதீர்கள். அதில் உங்கள் சொந்த விஷயங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த 777-ஐயும் எடுத்துவிடுங்கள். பொது ஃபோல்டருக்கு ஹோமுக்கு வெளியே எஸ்ஆர்வி என்ற இடமே இருக்கிறது. 'ஆசிரியர்' என்று ஒரு குரூப் தொடங்கி, 'ஆட்யூசர் மாலை ஆசிரியர்' என்று சேருங்கள், காலையையும் அப்படியே. எஸ்ஆர்விக்குள் தேர்வு ஃபோல்டரை உருவாக்கி, சிஎச்ஜிஆர்பி கொடுத்து அந்தக் குரூப்புக்கு மாற்றி, சிஎச்மோட் 2770 கொடுங்கள். முன்னால் உள்ள 2 முக்கியம்: உள்ளே உருவாகும் புது ஃபைலும் அதே குரூப்பில் சேரும். எல்லாக் கட்டளைக்கும் முன்னால் சுடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்ட) வேண்டும். அப்புறம் இரண்டு கணக்கிலும் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், அதுவரை புதுக் குரூப் ஒட்டாது. 'ஐடி' என்று அடித்தால் எந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

கேட்டவர்:
செய்தேன், ஃபைல்களை எம்வி போட்டு நகர்த்தினேன். மாலையில் திறக்கிறது, ஆனால் 'ரீட் ஒன்லி' என்கிறது, திருத்த முடியவில்லை!

பதில் 2:
எம்வி வெறுமனே நகர்த்தும், பழைய குரூப்பை மாற்றாது. சிபி கொடுத்து நகல் எடுத்திருந்தால் புதுக் குரூப் வந்திருக்கும். சரி, 'சிஎச்ஜிஆர்பி -ஆர் ஆசிரியர்' கொடுங்கள், பிறகு 'சிஎச்மோட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ்'. இரண்டின் முடிவிலும் தேர்வு ஃபோல்டரின் பாதை வேண்டும், கோட்டுக்குப் பின் வரும் ஆர் பெரிய எழுத்து. கடைசி எக்ஸும் பெரிய எழுத்தாக இருக்கட்டும், அப்போதுதான் ஃபோல்டர்களுக்கு மட்டும் எக்ஸ் சேரும், வினாத்தாள் ஃபைல்களுக்குச் சேராது. புது ஃபைலுக்கு எந்த அனுமதி கிடைக்காது என்று சொல்லும் யூமாஸ்க் 0002 என்று வருகிறதா என்றும் பாருங்கள். 0022 என்றால் புது ஃபைலில் மறுபடி இதே சிக்கல்தான்.

கேட்டவர்:
0002 தான். மாலை கணக்கில் கணித வினாத்தாளைத் திருத்தி சேமித்தேன், காலையில் திறந்தால் திருத்தம் இருக்கிறது. ஆசிரியைக்கு இப்போதே போன் போடுகிறேன். ரொம்ப நன்றி தம்பி.