சர்வீஸ் டாக் எண்டு ஜாக்கெட் போட்ட நாயைக் கடைக்குள்ள விடத்தான் வேணுமா?

உப்புவெளி கபேக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில பீச்சுக்குப் போற ஒழுங்கையில சின்னதா ஒரு கபே வச்சிருக்கிறன். மே தொடங்கினா செப்டம்பர் மட்டும்தான் எங்களுக்கு உழைப்பு, மற்ற மாதங்கள்ல ஈ ஓட்டுறதுதான். போன லோங் வீக்கெண்ட் கொழும்பில இருந்து ஒரு ஃபமிலி வந்தினம், கையில ஒரு பொமரேனியன் நாய், அதுக்கு சிவப்பு ஜாக்கெட், ஜாக்கெட்டில பெரிசா சர்வீஸ் டாக் எண்டு எழுதிக் கிடக்கு, அதாவது இயலாத ஆக்களுக்கு உதவப் பழக்கின நாயாம். உள்ளுக்கு நாய் விடுறேல்ல, வெளி மேசையில இருங்கோ எண்டு பொடியன் மரியாதையாத்தான் சொன்னவன். அந்த அக்கா ஹேண்ட்பேக்குக்குள்ள இருந்து ஒரு காட்டை எடுத்து நீட்டுறா. நாயின்ட படம், நம்பர், கியூஆர் கோட், மூலையில அமெரிக்கக் கொடி! "இது ரெஜிஸ்டர் பண்ணின நாய், விடாட்டி சட்டப்படி குற்றம், ரிவியூவில எழுதுவன்" எண்டா. ரிவியூ எண்ட உடன எங்களுக்கு வயித்தைக் கலக்கும்தானே, விட்டிட்டம்.

பிறகு நடந்ததுதான் கூத்து. நாய் கதிரையில ஏறி நிண்டு வாற போற ஆக்கள் எல்லாரையும் பார்த்துக் குரைக்குது, ரால் பொரியல் தட்டுக்குள்ள மூக்கை விடுது, அவ அதுக்கு எங்கட முள்ளுக்கரண்டியாலேயே ஊட்டுறா. பக்கத்து மேசையில வயசான அம்மா ஒராள் இருந்தவ, அவையள் பாதிச் சாப்பாட்டில பில் கேட்டு எழும்பிப் போட்டினம்.

இப்ப என்ர கேள்வி என்னண்டா, இப்பிடிக் காட் காட்டினா நாங்கள் விடத்தான் வேணுமா? உண்மையிலேயே கண் தெரியாத ஒராள் வழிகாட்டி நாயோட வந்தா அவரைத் திருப்பி அனுப்புற பாவம் எனக்கு வேண்டாம், ஆனா இந்த மாதிரி ஆக்களையும் எப்பிடிச் சமாளிக்கிறது?

சும்மா_வந்தவன்:

பிரெட்ரிக் கோட்டை மானெல்லாம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து சாப்பாட்டுப் பார்சல் பறிக்குதுகள், அதுகளுக்கும் ஆளுக்கொரு ஜாக்கெட் தைச்சுப் போடுங்கோ அண்ணை, பிறகு ஆராலயும் ஒண்டும் சொல்லேலாது 😂

ஸ்காபரோ மாமா:

தம்பி, நான் திருமலைதான், ஓர்ஸ்ஹில்லில பிறந்து வளந்த ஆள், இப்ப கனகாலமா கனடா. அந்தக் காட் குப்பை. அமெரிக்காவிலேயே அதுக்கு மதிப்பில்ல. அங்க சர்வீஸ் நாய்க்கெண்டு அரசாங்கம் நடத்துற ரெஜிஸ்ட்ரி எண்டு ஒண்டு கிடையவே கிடையாது. இண்டர்நெட்டில காசு கட்டினா நாயின்ட படத்தைப் போட்டுக் காட் அடிச்சு, ஜாக்கெட்டும் சேர்த்துத் தபால்ல அனுப்புவாங்கள், அவ்வளவுதான். அந்தச் சான்றிதழால ஒரு உரிமையும் கிடைக்காது எண்டு அவையின்ட நீதித் திணைக்களமே சொல்லி வச்சிருக்கு. அமெரிக்காவில செல்லாத காட்டை உங்கட ஊர்ப்பக்கம் அலஸ்தோட்டத்தில கொண்டுவந்து காட்டுறதெண்டா அதுக்கும் ஒரு துணிவு வேணும் பாருங்கோ.

அங்கத்தைய சட்டம் 1990ல வந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம். 2011ல இருந்து அதில சர்வீஸ் பிராணி எண்டா நாய் மட்டும்தான், சின்னக் குதிரைக்கு மட்டும் புறம்பா ஒரு விதி இருக்கு. நாய் ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கப்பட்டதா இருக்கோணும். கண் தெரியாதவருக்கு வழி காட்டுறது, காது கேளாதவருக்கு பெல் அடிக்கிறதைத் தட்டிச் சொல்லுறது, வலிப்பு வந்தா பக்கத்தில நிண்டு உதவி கூப்பிடுறது, இப்பிடி. கடைக்காரர் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்கலாம். உங்கட இயலாமை காரணமா இந்த நாய் உங்களுக்குத் தேவையா? அது என்ன வேலை செய்யப் பழகியிருக்கு? என்ன வருத்தம் எண்டு கேட்கேலாது, பேப்பர் கேட்கேலாது, செய்து காட்டு எண்டும் சொல்லேலாது. ஆனா நாய் கட்டுப்பாட்டில இல்லாமல் குழப்படி செய்து, சொந்தக்காரர் அதை அடக்காமலும் இருந்தா, இல்லாட்டி உள்ளுக்கு அசிங்கம் பண்ணினா, உண்மையான சர்வீஸ் நாயா இருந்தாலும் வெளியில கொண்டு போங்கோ எண்டு சொல்லலாம். ஆளை இல்ல, நாயை. ஆளுக்குச் சாப்பாடு குடுக்கத்தான் வேணும்.

பேப்பர் கேட்கேலாது எண்ட அந்த இடத்தாலதான் கள்ள ஆக்கள் நுழையுறது. அதுக்காகச் சில மாநிலங்கள் தண்டனை கொண்டுவந்திருக்கு, புளோரிடாவில 2015ல இருந்து பொய் சொல்லிப் பிடிபட்டா குற்றம், 30 மணித்தியாலம் சமூக சேவையும் செய்யோணும். பிளேனிலதான் உச்சக் கூத்து நடந்தது. மன ஆறுதல் பிராணி எண்டு சொல்லிப் பன்றி, வாத்து எல்லாம் கொண்டு வந்தவங்கள். 2018 ஜனவரியில நெவார்க் ஏர்போட்டில ஒருத்தி மயிலோட வந்து நிண்டவ, யுனைட்டட் விமானக்காரர் ஏத்தேல்ல. முருகன் வந்திருந்தாலும் ஏத்தியிருக்க மாட்டினம். 2021 ஜனவரியில இருந்து விதியை மாத்திப்போட்டினம், இப்ப மன ஆறுதல் பிராணியை சர்வீஸ் பிராணி எண்டு எடுக்க வேண்டிய கட்டாயம் விமானக்காரருக்கு இல்ல.

கனடாவில எங்கட ஒன்டாரியோ மாகாணத்தில கொஞ்சம் வேற. ஜாக்கெட், ஹார்னஸ் மாதிரி வெளிப்படையான அடையாளம் இருந்தா ஏத்துக்கொள்ளோணும், இல்லாட்டி டொக்டர், நேர்ஸ் மாதிரிப் பதிவு பெற்ற ஒராளின்ட கடிதம் காட்டலாம். அதால இங்கயும் ஜாக்கெட் நல்லா விலைப்படுது.

நிலாவெளிப் பெட்டை:

மாமா சொன்னது சரி, ஆனா ஒரு விசயம். ஆளைப் பார்த்து, நல்லாத்தானே இருக்கிறா, இவவுக்கு என்ன வருத்தம் எண்டு முடிவெடுக்கிற பழக்கம் எங்கட சனத்துக்கு ஏற்கனவே நிறைய இருக்கு. மனநிலை சம்பந்தமான சர்வீஸ் நாயும் உண்மையிலேயே இருக்கு, போருக்குப் போய் வந்த ஆக்களுக்கு இரவில கெட்ட கனவு வந்தா எழுப்பிவிடுறதுக்குப் பழக்கின நாய், பதட்டம் கூடும்போது மடியில ஏறிப் பாரம் குடுத்து ஆளை அமைதிப்படுத்துற நாய். அமெரிக்கச் சட்டத்தில அதுவும் சர்வீஸ் நாய்தான், ஏனெண்டா அதுக்கு ஒரு வேலை பழக்கியிருக்கு. சும்மா பக்கத்தில இருந்தா மனசுக்கு ஆறுதல் எண்டதுமட்டும்தான் அந்தக் கணக்கில வராது. சுனாமியும் சண்டையும் பார்த்த ஊரில இருந்துகொண்டு, வெளியில தெரியாத வருத்தத்தைப் பகிடி பண்ண வேண்டாம். சும்மா_வந்தவன், உங்களுக்கும்தான்.

அந்த அக்கா காட்டினது சுத்த மாய்மாலம், அதில எனக்கும் சந்தேகம் இல்ல. முள்ளுக்கரண்டியால ஊட்டுற சர்வீஸ் நாயை நானும் கேள்விப்படேல்ல.

சும்மா_வந்தவன்:

சரி அக்கா, நான் மானைத்தான் பகிடி பண்ணினன், மனுசரை இல்ல.

கிண்ணியா நானா:

தம்பி, எனக்கும் சாப்பாட்டுக் கடைதான் இரிக்கி. எங்களுக்கு இது இன்னும் சிக்கல். நாய் வாய் வச்ச பாத்திரத்த ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண் சேத்து. எங்கட வாடிக்கையாளருக்குத் தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான். அதுக்காக கண் தெரியாத மனுசன வாசல்ல நிப்பாட்டுற மார்க்கமும் இல்ல எங்கடது. 2008ல இங்கிலாந்துல லெஸ்டர்ல ஒரு கண் தெரியாத மாணவர் வழிகாட்டி நாயோட பள்ளிவாசலுக்குப் போறதுக்கு அங்கத்த உலமாக்கள் அனுமதி குடுத்திரிக்காங்க, தொழுற இடத்துக்குள்ள இல்ல, நாய் வாசல் பக்கம் ஒரு இடத்துல நிக்கும், அவர் உள்ள போய் தொழுதிட்டு வருவார். மனசு வச்சா வழி இரிக்கி.

நான் செய்யிறது இதுதான்: வெளியில ஒரு மேசை, தகரக் கூரை போட்டு ஃபேனும் வச்சிரிக்கன். நாயோட ஆரு வந்தாலும் அங்கதான். நாய்க்குத் தண்ணி பிளாஸ்டிக் கோப்பையில, கடைப் பாத்திரத்துல குடுக்கிறல்ல. ஒருத்தரும் இதுவரைக்கும் கோவிச்சிட்டுப் போகல்ல.

வெள்ளைப்பிரம்பு:

நான் இதைப் போனில ஸ்கிரீன் ரீடர் வாசிக்கக் கேட்டுத்தான் எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. கண் தெரியாத ஆளைப் பற்றி எல்லாரும் கதைக்கிறியள், அதால நானும் கொஞ்சம் கதைப்பம் எண்டு வந்தனான்.

எனக்கு நாய் இல்ல, பிரம்புதான். ஏன் நாய் எடுக்கேல்ல எண்டு கனபேர் கேட்கிறவை. திருகோணமலைத் தெருவில வழிகாட்டி நாயோட நடக்கிறதை யோசிச்சுப் பாருங்கோ. பத்திரகாளி அம்மன் கோயிலடியில இருந்து மார்க்கெட் மட்டும் போறதுக்குள்ள எத்தனை தெருநாய்க் கூட்டம், ஒவ்வொரு சந்திக்கும் ஒரு கூட்டம் காவல் நிக்கும். புது நாய் மணம் பட்டாலே சுத்தி வளைச்சிடும். மற்ற நாய் பாய்ஞ்சு கடிச்சா, வெளிநாட்டிலேயே வழிகாட்டி நாய் சிலது பயந்துபோய் அதுக்குப் பிறகு வேலைக்கே ஏலாமல் ஓய்வு குடுத்துப்போடுறவை. குட்டியில இருந்து பழக்கி, கிட்டத்தட்ட ரெண்டு வயசிலதான் ஒரு ஆளின்ட கையில குடுக்கிறது. அவ்வளவு உழைப்பும் ஒரு நிமிசத்தில போயிடும். கடிக்கிறது தெருநாயா இருக்கோணும் எண்டும் இல்ல, ஜாக்கெட் போட்ட பொமரேனியனும் போதும். எனக்குக் கள்ள சர்வீஸ் நாயில இருக்கிற கோவம் அதுதான், ரிவியூவும் ரால் பொரியலும் இல்ல.

லண்டனில என்ர சிநேகிதன் ஒராள் லாப்ரடோர் நாய் வச்சிருக்கிறான். அவனோட ஒருக்கா சாப்பாட்டுக் கடைக்குப் போனனாங்கள். நாய் மேசைக்குக் கீழ போய்ச் சுருண்டு படுத்தது, என்ர பாதத்தில அதின்ட முதுகு முட்டிக்கொண்டு இருந்தது, மூச்சு ஏறி இறங்குறது காலால தெரியும். ஆரோ பக்கத்தில ரோல்ஸ் ஒண்டைக் கீழ போட்டிட்டினம், நாய் அசையேல்ல. எழும்பிப் போகேக்கதான் பக்கத்து மேசைக்காரர், ஐயோ நாய் ஒண்டு இருந்ததா எண்டு கேட்டவை. அந்த நாட்டில 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி டாக்சிக்காரர் இந்த நாயை ஏத்தத்தான் வேணும், மேலதிகக் காசும் கேட்கேலாது, மருத்துவக் காரணத்துக்கு விதிவிலக்குச் சான்றிதழ் எடுத்தவரைத் தவிர. அப்பிடி இருந்தும் நாயைக் கண்டிட்டு நிப்பாட்டாமல் போறவை இருக்கினமாம், தெருவில நிண்டு அவன் பட்ட பாட்டைச் சொன்னா இந்த இடம் காணாது.

கபேக்காரத் தம்பி, காட்டையும் ஜாக்கெட்டையும் பார்க்காதேங்கோ. நாய் என்ன செய்யுது எண்டதைப் பாருங்கோ. நிலத்தில படுத்திருக்கா, சத்தமில்லாமல் இருக்கா, சாப்பாட்டுக்கு அலையாமல் இருக்கா, அப்ப ஆரெண்டாலும் விடுங்கோ. கதிரையில ஏறிக் குரைச்சா, ஆரெண்டாலும் வெளியில. இலங்கையிலயும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, மாற்றுத்திறனாளி எண்டதுக்காகப் பொது இடத்துக்குள்ள விடாமல் தடுக்க ஏலாது. அது மனுசருக்கான பாதுகாப்பு. அமெரிக்கக் கொடி போட்ட பிளாஸ்டிக் துண்டுக்கு இல்ல.

மற்றது, வேலையில நிக்கிற நாயைக் கண்டா தடவாதேங்கோ, கூப்பிடாதேங்கோ, பிஸ்கட் குடுக்காதேங்கோ. எங்கட ஆக்களின்ட அன்பு பெரும்பாலும் பிஸ்கட் வடிவத்திலதான் வாறது.

உப்புவெளி கபேக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, வெள்ளைப்பிரம்பு ஐயாவுக்கு விசேசமா. வெளி மேசை நல்ல ஐடியா நானா, பின்பக்க மாமரத்தடியில ஒண்டு போடலாம். ரெண்டு கேள்வியையும் பொடியனுக்குச் சொல்லிக் குடுக்கிறன். ஒண்டு சொல்ல மறந்திட்டன், அண்டைக்குத் தட்டை எடுக்கப் போன பொடியனின்ட விரலில அந்த நாய்ப் பல்லும் பட்டது. பெரிசா இல்ல, சின்னக் கீறல், கொஞ்சம் இரத்தம் கசிஞ்சது. அவன் டெட்டோல் போட்டுப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலை செய்யிறான். இதுக்கு அவையிட்ட மருந்துக் காசு கேட்கலாமா?

மிருக_வைத்தியசாலை_வேலை:

அண்ணை, காசுக் கதையை விடுங்கோ!! இதைத்தான் முதல் வரியில எழுதியிருக்கோணும். நாய்ப் பல் பட்டு இரத்தம் வந்தா அது கடிதான், வீட்டு நாயோ ஜாக்கெட் நாயோ. உடனேயே சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவியிருக்கோணும். இப்பவும் பிளாஸ்டரைக் கழட்டிக் கழுவிப்போட்டு பொடியனை இண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ, நாள் போட்டுது எண்டு விட வேண்டாம், விசர்நாய்த் தடுப்பூசி போடோணுமா எண்டதை டொக்டர் சொல்லுவார். விசர் நோய் அறிகுறி வந்தாப் பிறகு காப்பாத்துறது எண்ட பேச்சுக்கே கிட்டத்தட்ட இடமில்ல.

புக்கிங்கில அந்த அக்காவின்ட நம்பர் இருக்கும்தானே. எடுத்து ரெண்டே விசயம் கேளுங்கோ: நாய்க்குக் கடைசியா எப்ப விசர்நாய் ஊசி போட்டது, அந்த ஊசிக் காட்டின்ட படம் வாட்ஸ்அப்பில அனுப்பேலுமா. நாய் இப்ப எப்பிடி இருக்கு, சாப்பிடுதா எண்டும் விசாரியுங்கோ, டொக்டர் கேட்பார். ஊசிக் காட் இருந்தாலும் இல்லாட்டியும் பொடியன் போகத்தான் வேணும்.

உப்புவெளி கபேக்காரன்:

ஓம், இப்பவே ஓட்டோவில அனுப்புறன். அக்காவுக்கு கோல் எடுத்தனான், எடுக்கேல்ல. மெசேஜ் போட்டிருக்கு, ரெண்டு புளூ டிக் விழுந்திட்டுது, பதில் இல்ல.

மிருக_வைத்தியசாலை_வேலை:

பதிலுக்குக் காத்திருக்காதேங்கோ. கடி நடந்த நாள், எந்த விரல், நாயின்ட இனம், நாய் இருக்கிற ஊர் எல்லாத்தையும் ஒரு துண்டில எழுதிப் பொடியனின்ட கையில குடுத்து விடுங்கோ.