நீர்யானை வரும் வழியருகே ஒரு குடில்: கோசி ஏரியில் கழித்த கோடை வார இறுதி

நீர்நிலைகளின் ஓரம் தங்கியபோது காட்டு விலங்குகளைக் கண்ட அனுபவங்களை நண்பர்கள் பலர் எழுதிவருவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை வண்டிக்குள் பத்திரமாக அமர்ந்தபடி கண்ட காட்சிகள். நான் எழுதப்போவது வண்டியும் வேலியும் இல்லாத ஓர் ஏரிக்கரையில் எங்களுக்கு நேர்ந்தது. அங்கு நாங்கள் எந்தத் தீங்கும் இன்றி இருந்ததற்கு எங்கள் துணிச்சல் காரணமன்று. அந்த மண்ணில் பிறந்த வழிகாட்டி இளைஞர் ஒருவர் சொல்லித் தந்தவையே காரணம். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கோசி விரிகுடா. பெயரளவில் விரிகுடாவே தவிர, உண்மையில் அது கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்து கடலில் போய்க் கலக்கும் நான்கு ஏரிகளின் தொடர். தெற்குக் கோடியில் உள்ள அமன்சம்யாமா ஏரியின் நீர் நன்னீர், பார்வைக்குக் கறுத்திருக்கும். கழிமுகத்தை நெருங்க நெருங்க நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குள் இந்த ஏரிகள் அனைத்தும் அடங்கும். நான்கிலும் பெரியது நிலாங்கே. அதன் மேற்குக் கரையில்தான் நாங்கள் தங்கிய மரக்குடில் இருந்தது.

டிசம்பர் 16, நல்லிணக்க நாள் விடுமுறையை ஒட்டிய வார இறுதி அது. இந்தியாவில் மார்கழி பிறந்தால் பனி இறங்கும். இங்கோ அது கோடையின் உச்சம். டர்பனிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, ஷ்லுஷ்லுவே வரை நெடுஞ்சாலையில் சென்று, அங்கிருந்து வடக்கே பிரியும் சாலையில் ம்பாஸ்வானாவைக் கடந்து மங்கூசியை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. அங்கிருந்து ஏரிக்குச் செல்லத் தார்ச்சாலை கிடையாது. டயர்களில் காற்றை ஏறத்தாழ 1 பார் அளவுக்குக் குறைத்து, நாற்சக்கர விசையில் பக்கியை (பின்புறம் திறந்த சரக்கு வண்டியை) மணற்தடத்தில் மெல்ல ஓட்டிச் சென்றோம். என் மனைவி, கோயில் பஜனைக் குழுவில் எங்களோடு பாடும் அண்ணாவும் அவர் மனைவியான அக்காவும், பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒரு தம்பி ஆகியோர் உடன் வந்தனர். அண்ணாவின் பாட்டனார் டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். ஆகவே மீன் என்றாலும் நீர் என்றாலும் அண்ணாவுக்குத் தனி ஈடுபாடு உண்டு.

குடிலில் மின் இணைப்பு இல்லை. காஸ் அடுப்பு ஒன்றும் சூரிய ஒளியில் எரியும் விளக்குகள் சிலவும் இருந்தன. படுக்கும் குடில் தனி, அதிலிருந்து இருபது அடி தள்ளிக் கூரை வேய்ந்த சமையற்கொட்டகை தனி. கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கவில்லை. நாங்கள் மூட்டை முடிச்சுகளை இறக்குவதற்குள்ளாகவே அந்த இளைஞர் வந்துவிட்டார். சூலு மொழியில் நலம் விசாரித்துவிட்டு, "பாபா, முதலில் என்னோடு வாருங்கள், பொருள்களைப் பிறகு இறக்கலாம்" என்று என்னைக் கரைக்கு அழைத்துச் சென்றார்.

அவர் காட்டியது நாணலுக்கு நடுவே சென்ற ஒரு தடம். முதற்பார்வைக்கு வண்டித்தடம் என்றே தோன்றியது. இரண்டு பள்ளங்கள் இணையாக ஓட, அவற்றுக்கு இடையே புல் முளைத்த வரப்பு ஒன்று நெடுகிலும் உயர்ந்து நின்றது. ஆனால் அந்த இரு பள்ளங்களுக்கும் உள்ள இடைவெளியில் எந்த வண்டியும் ஓட முடியாது. நீர்யானையின் உடல் பருமனுக்கு ஏற்ப அதன் இடக்கால்களும் வலக்கால்களும் அகன்று பதிகின்றன. தலைமுறை தலைமுறையாக அவை ஒரே வழியில் நடப்பதால் கால் படும் இரு பக்கமும் பள்ளமாகி, படாத நடுப்பகுதி வரப்பாக நின்றுவிடுகிறது. அந்தத் தடம் எங்கள் குடிலின் வலப்புறமாகத் திரும்பிப் பின்னாலிருந்த புல்வெளிக்குச் சென்றது.

பகல் முழுவதும் நீரில் கிடக்கும் நீர்யானை இருட்டிய பின் கரையேறி, ஓர் இரவில் சுமார் 40 கிலோ புல்லை மேய்ந்துவிட்டு விடிவதற்கு முன் ஏரிக்குத் திரும்பிவிடும். அதன் எடை ஒன்றரை டன்னுக்கும் மேல் இருக்கும். பார்த்தால் சோம்பேறிபோலத் தெரியும். ஓடத் தொடங்கினால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அதற்கும் நீருக்கும் இடையில் யாரேனும் நின்றால், தப்பும் வழி அடைபட்டதாகக் கருதி நேரே பாயும். அந்த இளைஞர் எங்களுக்கு விதித்தவை இரண்டே. பொழுது சாய்ந்த பின் தடத்துக்கும் ஏரிக்கும் நடுவே எவரும் நிற்கக் கூடாது. இரவில் கதவைத் திறக்குமுன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சாளரத்தின் வழியே விளக்கடித்துப் பார்த்த பிறகே தாழை நீக்க வேண்டும். ஒவ்வொருவரையும் அவர் திருப்பிச் சொல்லச் சொன்னார். தம்பிக்கு அது வகுப்பறையை நினைவூட்டியிருக்க வேண்டும், இரு முறை சொன்னார்.

அன்றிரவு டின் மீன் குழம்பும் ரொட்டியும் உண்டு முடித்தோம். பயணக் களைப்பில் தலைவலி என்று என் மனைவி முன்னதாகவே குடிலுக்குப் போய்விட்டார். நாங்கள் கொட்டகையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அக்கா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று கையை உயர்த்தி எங்களை அடக்கினார். யாரோ பழைய துணியை நிதானமாகக் கிழிப்பதைப்போன்ற ஓசை கேட்டது. ஒரு கிழிப்பு, சற்று நிறுத்தம், மீண்டும் ஒரு கிழிப்பு. அது வந்த திசை ஏரியன்று, எங்களுக்கும் குடிலுக்கும் இடைப்பட்ட வெளி.

கண் இருளுக்குப் பழகியதும் உருவம் தெரிந்தது. தலையைத் தரையில் பதித்தபடி அது மேய்ந்துகொண்டிருந்தது. நீர்யானை புல்லைப் பல்லால் கடிப்பதில்லை, உதட்டால் பற்றிப் பிடுங்குகிறது என்று படித்திருந்தேன். ஆனால் அந்த உதட்டின் அகலத்தை நேரில் கண்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அது தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்து முன்னேறிய இடத்திலெல்லாம் புல் ஒரே சீராகக் கட்டையாகிக்கொண்டே வந்தது. காதுகள் மட்டும் ஓய்வின்றிச் சுழன்றன. விலாவில் நீண்ட பழைய தழும்புகள் இருந்தன. தன் இனத்தோடு போரிட்டதன் அடையாளமாக அவை இருக்கலாம். சூரிய விளக்கின் மங்கிய ஒளி பட்ட இடத்தில் அதன் தோல் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது.

தம்பி படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பற்றி, "வேண்டாம்ப்பா. வெளிச்சம் பட்டா மிரண்டுடும்" என்று காதோடு சொன்னார். தம்பி உடனே அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எனக்கு இருந்த ஒரே கவலை, குடிலில் தனியாக இருந்த மனைவியைப் பற்றியது. தண்ணீர்க் குப்பி எங்களிடம் கொட்டகையில் இருந்தது. விழித்துக்கொண்டு அதைத் தேடி அவர் கதவைத் திறந்தால், விலங்கு நின்றது கதவிலிருந்து பத்தடி தொலைவில். அழைத்து எச்சரிக்கவும் வழியில்லை, குரல் கொடுத்தால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

சிறிது நேரத்தில் நான் அஞ்சியதுபோலவே குடிலுக்குள் அசைவு கேட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. சாளரத்தில் ஒரு கணம் வெளிச்சம் தோன்றித் தரையைத் தொட்டது, உடனே அணைந்தது. இளைஞர் சொன்னதை மனைவி அப்படியே பின்பற்றியிருந்தார். பின்னர் அவர் சொன்னார்: சாளரத்துக்கு வெளியே தெரிந்ததை முதலில் பாறை என்று எண்ணினாராம், மாலையில் அங்கே பாறை ஏதும் இல்லையே என்று உறைத்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்துகொண்டாராம். வெளிச்சம் பட்டதும் நீர்யானை தலையைத் தூக்கிப் பெருமூச்சு ஒன்று விட்டது. அந்த மூச்சின் அதிர்வு கொட்டகையின் பலகை வரை எட்டியது. நாங்கள் நால்வரும் அசையவில்லை. அண்ணா என் முழங்காலில் கை வைத்திருந்தார். அந்தக் கை நடுங்கியதா, என் கால் நடுங்கியதா என்பதை இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

அது எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. வாலை விசிறிபோல் ஆட்டிப் புதர்மேல் சாணத்தைத் தெறிக்கவிட்டது, மறுபடியும் தலையைத் தாழ்த்தி மேய்ந்தது, பிறகு புல்வெளிப் பக்கம் திரும்பித் தடத்தின் இரு பள்ளங்களிலும் கால் பதித்து நடந்து மறைந்தது. புல் கிழியும் ஓசை தொலைவுக்குச் சென்று அடங்கிய பின்னும் நெடுநேரம் காத்திருந்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராக, ஏரிப்பக்கம் போகாமல் கொட்டகையின் பின்புறமாகச் சுற்றிக் குடிலுக்குள் நுழைந்தோம்.

காலையில் இளைஞர் வந்து காலடிகளைக் குனிந்து பார்த்தார். நான்கு விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. மந்தையிலிருந்து விலக்கப்பட்ட ஆணாக இருக்கலாம், அத்தகையவை தனியாகவே மேயும் என்றார். எங்களைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை இயல்பான நடத்தையாகவே எடுத்துக்கொண்டு, "கடல் வற்றும் நேரம் ஆகிறது, பாபா, பொறிகளைப் பார்க்கப் போகலாம்" என்றார்.

கழிமுகத்தின் மீன் பொறிகளைப் பற்றி அண்ணா எழுதினால்தான் நியாயமாக இருக்கும். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆழமற்ற நீரில் கம்புகளை நட்டு, இடையே குச்சிகளை நெருக்கிக் கட்டி, வளைந்து செல்லும் வேலிகளாக அப்பகுதியின் தொங்கா இன மக்கள் அவற்றை அமைத்திருக்கிறார்கள். ஏரியிலிருந்து கடலுக்குத் திரும்பும் மடவை போன்ற மீன்கள் வேலியை ஒட்டியே நீந்தி, இறுதியில் உள்ளே நுழையலாம் வெளியேற முடியாது என்ற அமைப்புள்ள கூடையில் சேர்கின்றன. இடுக்குகளின் வழியே சிறு மீன்கள் தப்பிவிடுகின்றன. பொறிகள் தந்தையிடமிருந்து மகனுக்கு உரிமையாக வருபவை. வழிகாட்டி இளைஞரின் குடும்பத்துக்கும் ஒன்று இருந்தது. அண்ணா இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்து, எந்த மரம், எத்தனை காலம் தாங்கும், வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏரியில் திருட்டுத்தனமாக விரிக்கப்படும் செவுள் வலைகளைப் பற்றி இளைஞர் பேசியபோது இருவர் முகமும் ஒன்றுபோல் வாடியது. பெரிது சிறிது என்று பாராமல் கண்ணிக்குச் சிக்கியதையெல்லாம் பிடிக்கும் வலையோடு, மீனைத் தப்பவிடும் வேலியை ஒப்பிடவே கூடாது என்பது என் கருத்தும்.

அங்கு இறங்குவோர் தடித்த அடியுள்ள காலணி அணிவது கட்டாயம். பாறையோடு பாறையாகக் கிடக்கும் கல்மீனின் முள் நஞ்சுடையது. ஏரிகளுக்குள் முதலைகளும், கடலிலிருந்து ஏறிவரும் சாம்பேசிச் சுறாக்களும் இருப்பதால், நிலாங்கேயின் நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் நீந்த இறங்காதீர்கள்.

மறுநாள் இரவு பாங்கா நெக் கடற்கரைக்கு ஆமை பார்க்கச் சென்றோம். 1963 முதல் அந்தக் கரையில் முட்டையிட வரும் ஆமைகளைக் கணக்கெடுத்துக் காத்துவருகிறார்கள். இரவெல்லாம் மணலில் நடந்து கண்காணிப்பவர்கள் அவ்வூர் மக்களே. எங்களுக்குக் காணக் கிடைத்தது ஏழுவரி ஆமை. முதுகில் ஓடு என்று சொல்லும்படி ஏதுமில்லை. ஏழு வரம்புகள் ஓடும் கறுத்த தோலே அதற்குக் கவசம். முட்டையிடத் தொடங்கும் வரை எவரும் நெருங்கக் கூடாது என்பதால் இருட்டில் மணலில் படுத்தே காத்திருந்தோம். குழி ஆழமாக ஆழமாக, அது ஒரு பின்துடுப்பால் கைப்பிடி மணலை அள்ளி வெளியே வைத்துவிட்டு, மற்றத் துடுப்பை உள்ளே விட்டது. கண்ணால் பார்க்காமலேயே குழியின் சுவர் சரியாதபடி அது தோண்டிய நேர்த்தியை அக்கா சிவப்பு விளக்கின் ஒளியில் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்ல விரும்புவோருக்குச் சில செய்திகள். அது மலேரியா உள்ள பகுதி. குறிப்பாகக் கோடையில் செல்பவர்கள் முன்னதாகவே மருத்துவரைக் கண்டு மாத்திரை பெற்றுக்கொள்ளுங்கள், கொசுவலையும் எடுத்துச் செல்லுங்கள். கழிமுகத்துக்கு நாள்தோறும் அனுமதிக்கப்படும் வண்டிகளுக்கு வரம்பு உண்டு, ஆகவே அனுமதிச் சீட்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நல்லது. ஆமைகள் முட்டையிடுவதைக் காண நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். குஞ்சுகள் கடலுக்கு இறங்குவதைக் காண விரும்பினால் ஜனவரிக்குப் பின் செல்லலாம். எந்தக் காலத்தில் சென்றாலும் அவ்வூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, பொருள்களை இறக்குவதற்கு முன் குடிலைச் சுற்றியுள்ள தடங்களைக் காட்டும்படி அவரிடம் கேளுங்கள்.