வீட்டில் பிட்காயின் நோடு: கரண்ட் குறைவாக இழுக்கும் பெட்டி எது?

கோபிக்காரன்: வணக்கமுங்க. பழைய டெஸ்க்டாப்பில் பிட்காயின் நோடு (பிட்காயின் கணக்கு முழுவதையும் நம் கணினியிலேயே சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டுகிறேன், பிளக் மீட்டர் 80 வாட் காட்டுகிறது. ரெண்டு மாத பில்லுக்கு 115 யூனிட், இலவச 100 யூனிட் இதற்கே போய்விடுகிறது, அப்பா தினமும் ஒரு பேச்சு. ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினி போதுமா, மினி பிசியா?

பல்லடம் தறி: தம்பி, இன்டெல் என்100 போட்ட மினி பிசி பாருங்க. அந்த சிப் 6 வாட் ரகம், என்னுடையது மொத்தமாகவே 10 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கிறது, ரெண்டு மாதத்துக்கு 15 யூனிட்கூட வராது. பை 5 இன்னும் குறைவு, ஆனால் எஸ்எஸ்டி, கேஸ், அடாப்டர் என்று சேர்த்தால் விலை கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். ராம் 8 ஜிபி போதும். பிளாக்செயின், அதாவது பிட்காயினின் மொத்தக் கணக்குப் புத்தகம், 600 ஜிபியைத் தாண்டிவிட்டது, அதனால் 2 டிபி எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் முதல் சிங்க் (எல்லாவற்றையும் இறக்கிச் சரிபார்ப்பது) ஆமை வேகம்.

பெருந்துறை: இடமில்லை என்றால் புரூன் (பழைய பிளாக்குகளை அழிக்கும் செட்டிங்) போடுங்க, பிளாக் ஃபைல்களை 550 எம்பி வரை சுருக்கலாம். முழுதாக இறக்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் பழையதை அழிக்கும், இன்டர்நெட் டேட்டா மிச்சமாகாது. அப்புறம், யுபிஎஸ் இல்லாமல் வைக்காதீங்க. போன ஐப்பசியில் இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் டேட்டாபேஸ் கெட்டு, அதை முதலிலிருந்து திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸ் நாலு நாள் ஓடியது.

கோபிக்காரன்: சரிங்ணா, என்100 தான். இதில் காசு வருமா என்று அப்பா கேட்கிறார்.

பல்லடம் தறி: நோடு ஓட்டினால் ஒத்த ரூபாய் வராதுங்க, காசு வருவது மைனிங்கில் (புது பிளாக் உருவாக்கும் வேலை), அது வேறு. சொல்லிவிட்டே வாங்குங்க.