அமெரிக்காவில் ஓர் எக்ஸ்ரேவுக்கு எவ்வளவு ஆகும்? புதிதாக வந்தவர்களுக்கு

வணக்கம். இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். "நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க எவ்வளவு ஆகும்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே தொகையாகச் சொல்ல முடியாத கேள்வி இது. படம் ஒன்றுதான். ஆனால் அதை எந்தக் கட்டடத்தில் எடுக்கிறீர்கள், உங்கள் டிடக்டிபிளில் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் வருடத்துக்கு நீங்களே கட்ட வேண்டிய தொகை) இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்து நீங்கள் கட்டும் பணம் பல மடங்கு மாறும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில் மூன்று வாரம் விடாத இருமல். டாக்டர் பார்த்துவிட்டு, "எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம், கீழ்த்தளத்திலேயே எடுப்பார்கள்" என்றார். போனேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. யாரும் பணம் கேட்கவில்லை. சரி, இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து 386 டாலருக்கு பில் வந்தது. அதற்கும் இரண்டு வாரம் கழித்து, கேள்விப்பட்டே இராத ஒரு பெயரில் 41 டாலருக்கு இன்னொரு கடிதம். ஏதோ மோசடி என்று நினைத்து அதை ஓரமாக வைத்துவிட்டேன். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட் குழுவின் பில் அது என்பது இரண்டாவது நினைவூட்டல் வந்து, போன் செய்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஓர் எக்ஸ்ரேவுக்கு இரண்டு கட்டணம் உண்டு. இயந்திரம், அறை, படம் எடுப்பவர் எல்லாம் சேர்த்து ஒன்று. படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டருக்கு இன்னொன்று. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பதற்கென்றே இருக்கும் தனியார் இமேஜிங் சென்டரில் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பில்லில் போட்டுவிடுவார்கள். மருத்துவமனையில் தனித்தனியாக வரும். ஆகவே விலை கேட்கும்போது, "இதில் ரேடியாலஜிஸ்ட் கட்டணமும் சேர்ந்ததா?" என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

கட்டட வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு, முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரின் கணக்கைப் பார்த்தால் போதும். இரண்டு கோணத்தில் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வெளி கிளினிக்கில் எல்லாம் சேர்த்து சுமார் 35 டாலர்தான் அரசு கணக்கு. அதையே மருத்துவமனையின் வெளிநோயாளி பிரிவில் எடுத்தால், டாக்டர் கட்டணம் இல்லாமலே 85 டாலருக்கு மேல். தனியார் இன்சூரன்ஸ் மருத்துவமனைகளோடு பேசி வைத்திருக்கும் ஒப்பந்த விலைகளில் இந்த இடைவெளி இன்னும் அதிகமாக இருக்கும். அடுத்த வருடம் என் மனைவிக்கு அதே எக்ஸ்ரே தேவைப்பட்டபோது, டாக்டரிடம் ஆர்டரை, அதாவது எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும் சீட்டை, கையில் வாங்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி இருந்த இமேஜிங் சென்டருக்குப் போனோம். மொத்தமே 62 டாலர். டாக்டர் சொன்ன இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. அந்த இடம் உங்கள் இன்சூரன்ஸின் நெட்வொர்க்குக்குள், அதாவது அவர்களோடு ஒப்பந்தம் உள்ள இடங்களின் பட்டியலில், இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடக்டிபிள் பற்றி. கோபே (ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்டும் நிலையான தொகை) 30 டாலர் என்று இன்சூரன்ஸ் அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து அவ்வளவுதான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அது டாக்டரைப் பார்ப்பதற்கு. எக்ஸ்ரே பல பிளான்களில் டிடக்டிபிளுக்குள் வரும், அதாவது அந்தத் தொகை நிரம்பும் வரை ஒப்பந்த விலை முழுவதும் உங்கள் பணம். எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகை உள்ள சேமிப்புக் கணக்கு) வைத்துக்கொள்ளக்கூடிய பிளான் என்றால் 2025ல் தனி நபருக்குக் குறைந்தபட்ச டிடக்டிபிளே 1,650 டாலராக இருந்தது. டிடக்டிபிள் கணக்கு பெரும்பாலும் ஜனவரியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

விலை கேட்கும் முறைக்கு வருகிறேன். "செஸ்ட் எக்ஸ்ரே" என்று மட்டும் சொன்னால் சரியான பதில் வராது. சிபிடி கோடைச் சொல்லுங்கள், ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் உள்ள ஐந்து இலக்க எண் அது. ஒரு கோணம் என்றால் 71045, இரண்டு கோணம் என்றால் 71046. மணிக்கட்டுக்கு மூன்று படம் என்றால் 73110, கணுக்காலுக்கு 73610. ஆர்டரில் கோடு இல்லை என்றால் டாக்டர் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். அந்த எண்ணோடு இன்சூரன்ஸுக்கு ஒரு போன், இமேஜிங் சென்டருக்கு ஒரு போன். 2021 ஜனவரி முதல் மருத்துவமனைகள் தங்கள் விலைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி, அங்கேயும் இதே எண்ணைப் போட்டுத் தேடலாம்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்களும், இருந்தும் கையிலிருந்து கட்ட நினைப்பவர்களும் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். 2022ல் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி அதைத் தர வேண்டும். பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் வந்து 120 நாட்களுக்குள் முறையிட வழி இருக்கிறது. சில இடங்களில் இப்படிக் கையிலிருந்து கட்டும் செல்ஃப் பே விலை இன்சூரன்ஸ் விலையைவிடக் குறைவாகக்கூட இருக்கும். ஆனால் அப்படிக் கட்டும் பணம் பொதுவாக டிடக்டிபிள் கணக்கில் சேராது.

பில் வந்ததும் பதறிப்போய் உடனே கட்டிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் இஓபி, அதாவது அவர்கள் எவ்வளவு தந்தார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்ற விளக்கக் கடிதம், வரட்டும். அதில் "இது பில் அல்ல" என்று போட்டிருப்பதால் பலர் படிக்காமலே கிழித்துப் போடுகிறார்கள். நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். பில்லில் இருக்கும் தொகை அதற்கு மேல் இருந்தால் கட்ட வேண்டாம், பில்லிங் ஆபீசைக் கூப்பிடுங்கள். தொகை சரியாகவே இருந்தும் கட்ட முடியவில்லை என்றால், லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் நிதி உதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும். முதல் பில்லிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். மாணவர்களே, இதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமே இல்லை.

பிள்ளை விழுந்து கை வீங்கிவிட்டது என்றால் இரவு எட்டு மணிக்கு எங்கே போவது? அருகில் திறந்திருக்கும் அர்ஜென்ட் கேரில் (உயிருக்கு ஆபத்தில்லாத அவசரங்களுக்கான கிளினிக்) பெரும்பாலும் எக்ஸ்ரே வசதி இருக்கும், ஆனாலும் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். எமர்ஜென்சிக்குப் போனால் எக்ஸ்ரே பில்லோடு, உள்ளே நுழைந்ததற்கான கட்டணமும் டாக்டர் கட்டணமும் சேரும். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கடைவரிசைகளுக்கு நடுவே தனி எமர்ஜென்சி சென்டர்கள் இருக்கின்றன, பார்க்க அர்ஜென்ட் கேர் போலவே இருக்கும். போர்டில் எமர்ஜென்சி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எலும்பு வெளியே தெரியும் காயம் என்றால் எந்தக் கணக்கும் பார்க்காமல் 911. எமர்ஜென்சியில் பணம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986லிருந்தே சட்டம் இருக்கிறது.

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு விஷயம், டிபி (காசநோய்) பரிசோதனை. பல்கலைக்கழகமோ வேலையிடமோ கேட்கும். கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கும் தோல் பரிசோதனை, சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு டிபி இல்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். உடனே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வா என்பார்கள். "எனக்கு பிசிஜி போட்டிருக்கிறது, குவாண்டிஃபெரான் மாதிரி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?" என்று முதலிலேயே கேளுங்கள். அதைப் பிசிஜி பாதிக்காது. ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்பா அம்மா வந்து தங்கும்போது எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸையும் கவனியுங்கள். மலிவான ஃபிக்ஸ்டு பிளான்கள் எக்ஸ்ரேவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை மட்டும் தரும், மீதி உங்கள் தலையில். காம்ப்ரிஹென்சிவ் பிளானில் டிடக்டிபிள் போக பெரும்பகுதியைத் தருவார்கள். பழைய நோய்களுக்கு இரண்டிலுமே கட்டுப்பாடு உண்டு.

கடைசியாக ஒன்று. எக்ஸ்ரே முடிந்ததும் படத்தை சிடியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. உங்கள் படத்தின் நகல் உங்கள் உரிமை. அடுத்து எலும்பு டாக்டரிடம் போகும்போது அந்த சிடியைக் கொடுத்துவிட்டு, "போன வாரம் எடுத்தது, இதையே பார்க்க முடியுமா?" என்று கேட்டால், இரண்டாவது எக்ஸ்ரே பல நேரம் தேவைப்படாது.