அப்பாவோட பழைய கேசட்டுல இருந்த சி.சி.ஆர். பாட்டுங்க, அடுத்து எதைக் கேக்கலாம்?

நொய்யல்கரை (சூலூர்):

வணக்கமுங்க. போன வாரம் ஊட்டுக்கு வெள்ளையடிக்க அட்டாலிய ஒழிச்சப்ப அப்பாவோட கேசட் டப்பா கெடச்சுது. அப்பா 90கள்ல திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில இருந்தாரு, அப்ப ஃபாரின் பையர் ஒருத்தர் ஊருக்குக் கெளம்பறப்ப குடுத்துட்டுப் போன கேசட் அது, மேல 'க்ரானிக்கிள்'னு போட்டிருக்குது, பேண்டு பேரு கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். அப்பாகிட்டக் கேட்டா எல்லாம் மறந்து போச்சு சாமின்னுட்டாரு. டேப்பு தொளதொளன்னு கெடந்துச்சு, பென்சில விட்டுச் சுத்தி பழைய டேப் ரெக்கார்டர்ல போட்டேன் பாருங்க, 'பேட் மூன் ரைசிங்' வந்ததும் அப்படியே உக்காந்துட்டேன். நான் ராஜா சார் பாட்டோட வளந்தவன், இங்கிலீஷ் பாட்டுப் பக்கம் போனதே இல்லை, ஆனா இது மொதல் தடவையே காதுல ஒட்டிக்கிச்சு. 50 வருசத்துக்கு முந்தின பாட்டு எப்படிங்க இத்தனை புதுசா இருக்குது? இந்தக் கேசட்டுல இருக்கறது ஹிட்டு மட்டும்தான்னு சொல்றாங்க, முழு ஆல்பமா கேக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்? இவங்க அமெரிக்காவுல தெக்க இருக்கற லூசியானா பக்கத்து ஆளுங்களா? பாட்டுல ஆறு, படகு, சதுப்புன்னே வருது.

தறிச்சத்தம் (சோமனூர்):

தம்பி, எல்லாரும் மொதல்ல அப்படித்தான் நெனைப்பாங்க. லூசியானா இல்ல, கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில எல் செரிட்டோன்னு ஒரு ஊரு. ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட் மூணு பேரும் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிங்க, ஜானோட அண்ணன் டாமும் கூட. 1959ல இருந்து வேற வேற பேருல ஒட்டுக்கா வாசிச்சவங்களுக்கு இந்தப் பேருல மொதல் ஆல்பம் வந்தது 1968லதான். 'க்ரீன் ரிவர்' பாட்டுல வர்ற தண்ணி ஜான் சின்னப் பையனா லீவுக்குப் போன பூட்டா க்ரீக்ங்கற ஓடை, பேரு மட்டும் எலுமிச்சை சோடாவுக்கு ஊத்தற சிரப் பாட்டில் லேபிள்ல இருந்து வந்துச்சு. நம்மூர்ல கலர் பாட்டிலப் பாத்து பாட்டுக்குப் பேரு வெச்ச மாதிரி. அதைக் கேட்டா எனக்கு தாராபுரத்துல அம்மாயி ஊட்டுக்குப் போயி அமராவதில குதிச்ச நாள்தான் கண்ணு முன்னால வருது, அந்த ஓடைய நான் பாத்ததே இல்ல.

ஆல்பம்னு கேட்டீங்கன்னா 1970ல வந்த 'காஸ்மோஸ் ஃபேக்டரி' எடுங்க. அமெரிக்காவுல 9 வாரம் தொடர்ந்து மொதல் எடத்துல இருந்துச்சு. காஸ்மோங்கறது டிரம்ஸ் வாசிக்கற டக்கோட பட்டப்பேரு, பெர்க்லில பிராக்டிஸ் பண்ற எடத்துக்கு அன்னாடும் வேலைக்குப் போற மாதிரி போயிட்டு வந்ததால அதுக்குப் பேரே ஃபேக்டரின்னு ஆயிருச்சு. நான் பொழுதுக்கும் தறிக்குடோன்ல கெடக்கறவன், எனக்கு இதுதான் மொதல்ல புரிஞ்சுது. ஒரே ஒரு தறி ஓடறப்ப கேட்டுப் பாருங்க, நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போற அடி ஒரு முடி கூட மாறாது, டக்கோட டிரம்ஸும் டாமோட ரிதம் கிடாரும் அப்படி, யாரும் முந்தறது இல்ல யாரும் தனியா காட்டிக்கறதும் இல்ல, அது மேல ஜான் கத்திப் பாடறப்பத்தான் ஒடம்பு சிலுக்குது. 1969ல ஒரே வருசத்துல 3 ஆல்பம் போட்டாங்கன்னா அந்த தினப்படி உழைப்புதான் காரணம்.

ஈரோடு கிடார்:

அண்ணன் சொல்றது சரிதானுங்க, ஆனா நான் 'பேயூ கன்ட்ரி'ல ஆரம்பிக்கச் சொல்லுவேன். பேயூன்னா சதுப்பு ஓடை. மொதப் பாட்டு 'பார்ன் ஆன் தி பேயூ', ஆம்ப்ல ட்ரெமலோ (சத்தம் விட்டு விட்டு ஏறி எறங்கற எஃபெக்ட்) வெச்சு அந்த கிடார் சத்தம் தண்ணில வெயில் ஆடற மாதிரி ஆடும், ஹெட்போன் போட்டு ராத்திரில கேளுங்க. ஜான் நெறையப் பாட்டுல கிடார ஒரு முழு டோன் எறக்கி ட்யூன் பண்ணியிருப்பாரு, கம்பி கொஞ்சம் தளர்வா இருக்கறதால வர்ற கனம் அது. 'பேட் மூன் ரைசிங்' மூணே கார்டு (சுரக் கூட்டு), ரெண்டரை நிமிசம் கூட வராது, எங்கிட்ட கத்துக்க வர்ற பசங்க ஒரே நாள்ல வாசிச்சிருவாங்க ஆனா அந்த நடை வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும். அதுல பல்லவியோட கடைசி வரி 'பேட் மூன் ஆன் தி ரைஸ்'ங்கறத அமெரிக்காக்காரங்களே 'வலது பக்கம் பாத்ரூம் இருக்குது'ன்னு தப்பாக் கேட்டுப் பழகி, ஜானும் மேடைல சில தடவ அப்படியே பாடிருவாரு. சின்னப் பாட்டு மட்டும்தான் வரும்னு நெனைக்காதீங்க, மொதல் ஆல்பத்துல 'சூஸி க்யூ' 8 நிமிசத்துக்கு மேல, 'காஸ்மோஸ் ஃபேக்டரி'ல 'கிரேப்வைன்' 11 நிமிசம். கேசட்டுல ஃபெல்ட் பேடு (டேப்ப ஹெட்டோட அழுத்திப் புடிக்கற குட்டித் துணித்துண்டு) உதுந்திருந்தா வேற பழைய கேசட்டுல இருந்து எடுத்து ஒட்டிக்குங்க, இல்லைன்னா சத்தம் அமுங்கியே வரும்.

கோபிக்காரன்:

பாட்டுப் பத்தி சொல்லிட்டாங்க, நான் மனுசங்களப் பத்தி ஒண்ணு சொல்றேன். இவங்க பாட்டு அமெரிக்காவோட ஹிட் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100ல 5 தடவ ரெண்டாவது எடம் வந்துச்சு, மொதல் எடம் ஒரு தடவ கூட இல்ல. எழுதறது பாடறது எல்லாம் ஜானே பண்ணவும் உள்ளுக்குள்ள பொகைச்சல் ஆயி 1971ல அண்ணன் டாம் வெலகிட்டாரு, 1972ல பேண்டே முடிஞ்சுது, 1990ல டாம் எறந்து போற வரைக்கும் அண்ணன் தம்பிக்குள்ள முழுசா சரியாகவே இல்ல. 'ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்' வெயிலடிக்கறப்பவே பெய்யற மழையப் பத்தின பாட்டு, பேண்டு நல்லா ஓடிட்டிருக்கறப்பவே ஒடையறதத்தான் அப்படி எழுதினேன்னு ஜானே சொல்லியிருக்காரு. எங்க ஊட்டுல பங்கு பிரிச்ச வருசம் அந்தப் பாட்ட நான் கேக்காத நாளே இல்லைங்க. அப்புறம் பழைய ரெக்கார்டு கம்பெனி ஃபேண்டஸி, ஜானோட புதுப்பாட்டு அவரோட பழைய பாட்டு மாதிரியே இருக்குதுன்னு அவர் மேலயே கேஸ் போட்டுச்சு, அவரு கிடாரோட சாட்சிக் கூண்டுல ஏறி வாசிச்சுக் காட்டி 1988ல ஜெயிச்சாரு. பாட்டு உரிமைல பெரும்பங்கு 2023லதான் அவரு கைக்குத் திரும்ப வந்துச்சு.

நொய்யல்கரை (சூலூர்):

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. ஃபெல்ட் பேடு மாத்திட்டேன், சத்தம் இப்ப கணீர்னு வருது. நேத்துப் பொழுதோட திண்ணைல டேப் ரெக்கார்டர வெச்சு 'ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்' போட்டேன், அப்பா பக்கத்துல பேப்பர் படிச்சுட்டிருந்தாரு, தலையத் தூக்கவே இல்ல. பாட்டு முடிஞ்சு டேப்புல அந்த சித்த நேர அமைதி வந்துச்சுங்களா, அடுத்த பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முந்தியே அப்பா பேப்பருக்குப் பின்னால 'ஹே டுநைட்' ட்யூன முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாரு.