மணவாளக்குறிச்சி கார்னெட்டும் வைரக் கனவும்

தோவாளைக்காரன்: நேற்றிலிருந்து ஒரு பதிவு சுற்றுகிறது. "வைரம் இருக்கும் கிம்பர்லைட் பாறைக்கு அடையாளம் கார்னெட், இல்மனைட் என்ற இரண்டு கனிமங்கள். இரண்டும் மணவாளக்குறிச்சியில் குவிந்து கிடக்கின்றன. ஆகவே நம் குமரி மாவட்டத்தில் வைரம் உண்டு" என்று. படித்ததும் வயிறு எரிந்தது. அடையாளம் சொல்வது பைரோப் வகைக் கார்னெட். அதிலும் குரோமியம் கூடி, கால்சியம் குறைந்தது. நம் கரையில் கிடப்பது இரும்பு மிகுந்த அல்மண்டின். மேற்குத் தொடர்ச்சி மலையின் கோண்டலைட், சார்னோகைட் பாறைகள் சிதைந்து, ஆறு கொண்டுவந்து சேர்த்தது.

கடப்புறத்தான்: அந்தப் பதிவு என்னுடையதுதான், அண்ணாச்சி. போட்ஸ்வானாவில் கார்னெட், இல்மனைட் தடம் பிடித்துப் போய்த்தானே 1967-ல் ஓராபா வைரப் பாறையைக் கண்டுபிடித்தார்கள்? அங்கே செல்லும் கணக்கு இங்கே செல்லாதா?

தோவாளைக்காரன்: அங்கே கிடைத்தது பைரோப். இல்மனைட்டும் மக்னீசியம் நிறைந்த வகை. நம் இல்மனைட்டில் மக்னீசியம் சொற்பம். பெயர் ஒன்று என்பதால் கல்லும் ஒன்றாகிவிடாது.

கடப்புறத்தான்: ஆனி மாதம் கடல் அடித்த மறுநாள் கரையில் போய் நில்லுங்கள். கருமணல் மேல் சிவப்பு வரி வரியாகக் கிடக்கும். அள்ளினால் கை கனக்கும். பைரோப்பும் சிவப்புதான். சிறுவயது முதல் அதில் விளையாடியவன் நான்.

தோவாளைக்காரன்: விளையாடியதால் குரோமியம் தெரியுமா? மைக்ரோபுரோப் போல, கல்லில் என்னென்ன எவ்வளவு என்று அளக்கும் கருவியில் வைத்துத்தான் சொல்ல முடியும். வைரம் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுக்கும் பழைய, அசையாத நிலத்தட்டில்தான் கிடைக்கும். வைரம் கிடைக்கும் ஆந்திராவின் வஜ்ரகரூர், தார்வார் என்ற அப்படிப்பட்ட தட்டில் இருக்கிறது. நம் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் வெந்து உருமாறியவை.

கடப்புறத்தான்: ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் வைரச் சுரங்கம்? அது பழைய தட்டின் நடுவிலா இருக்கிறது? ஓரத்து உருமாறிய பட்டையில்தானே?

தோவாளைக்காரன்: அங்கே வைரம் சுமந்த லாம்ப்ராய்ட் பாறையையே கண்ணால் பார்த்தார்கள். இங்கே யார் பார்த்தது?

குலசேகரம் டீச்சர்: வைரம் கிடக்கட்டும். கிள்ளியூர்ப் பக்கம் கனிம மணல் எடுக்க வேண்டாம் என்று சனங்கள் போராடும்போது, வைரம் என்று எழுதினால் யாருக்கு லாபம்?

கடப்புறத்தான்: டீச்சர், நான் மணல் எடுக்கச் சொல்லவில்லை. என்னை விலைபோனவன் போல் பேசாதீர்கள்.

குலசேகரம் டீச்சர்: உங்களைச் சொல்லவில்லை. பதிவைச் சொன்னேன்.

கடப்புறத்தான்: இரண்டும் ஒன்றுதான். அண்ணாச்சிக்கு இது வழக்கம். போன வருஷம் என் கிணற்றுக்கும் "அடியில் பாறை, தண்ணீர் வராது" என்றார். 40 அடியில் ஊற்று.

தோவாளைக்காரன்: கிணற்றை இதில் இழுக்காதே தம்பி. நான் சொன்னது வடக்கு மூலை, நீ வெட்டியது தெற்கு. இப்போதும் கேட்கிறேன்: உன் கார்னெட்டில் குரோமியம் எவ்வளவு?

கடப்புறத்தான்: சிவப்பு, அண்ணாச்சி. நல்ல சிவப்பு.

தோவாளைக்காரன்: நிறத்தைக் கேட்கவில்லை. குரோமியத்தைக் கேட்டேன்.