நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வந்தாச்சு. சீவாளிப் புல்லுக்கு என்ன வழி?

குடந்தை வாசகர் கேட்டது:

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவேலை அழியாமல் தப்பிவிட்டது என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் மூன்று சந்தேகம். பட்டறையில் உட்கார்ந்து கடைகிறவருக்கு அந்தக் குறியீட்டால் நடைமுறையில் என்ன கிடைக்கும்? யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலுக்கு நாதஸ்வரத்தைக் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும்? திருவாவடுதுறையில் கட்டும் சீவாளிக்கும் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) அதற்கான புல்லுக்கும் ஏதாவது பாதுகாப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவுத்துறை அன்பர் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பது பெயரை. செய்முறையையோ செய்கிறவரின் வருமானத்தையோ அது காப்பதில்லை. வேறு ஊரில் ஒருவர் இதே அளவில், இதே மரத்தில் நாயனம், அதாவது நாதஸ்வரம், செய்து விற்கலாம். 'நரசிங்கம்பேட்டை' என்று சொல்லி விற்றால்தான் குற்றம். அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பதிவு இருப்பது கைவினைஞர் சங்கத்தின் பெயரில். ஒவ்வொரு பட்டறைக்காரரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனியாகப் பதிந்துகொண்டால்தான் குறியீட்டைத் தன் சரக்கில் போட முடியும், பெயர் திருடப்பட்டால் தானே வழக்குக்கும் போக முடியும். கிண்டியில் உள்ள பதிவகத்துக்கு ஜிஐ-3 படிவம் கொடுக்க வேண்டும். தான் எப்படி உற்பத்தியாளர் என்ற விளக்கமும், சங்கத்தின் சம்மதக் கடிதமும் அதோடு போக வேண்டும். கடிதம் கிடைக்காவிட்டால் விண்ணப்ப நகலைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு மேலே போகலாம். கட்டணம் 500 ரூபாயாக இருந்ததை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, பணம் தடையில்லை. ஆளுக்காள் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும். பதிவு பத்து ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஆச்சாமரம் பதில்:

நாயனம் ஒரே மனிதர் செய்யும் பொருள் இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். உலவு என்கிற நீண்ட குழல் ஆச்சா மரம். அதன் அடியில் விரியும் அணசு வாகை. உச்சியில் உலோகக் கெண்டை, அதன் மேல் சீவாளி. விரலுக்கு ஏழு துளை. கீழே உள்ள ஐந்து துளைகளை மெழுகால் வேண்டிய அளவுக்கு அடைத்துச் சுருதி கூட்டுவார்கள்.

ஆச்சா புதுமரமாக இருந்தால் ஆகாது. ஈரம் உள்ளே இருக்கும்போதே கூம்பாகத் துளைத்துவிட்டால், காயும்போது துளை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சில சமயம் நெடுக வெடிக்கும். துளை மயிரிழை மாறினாலும் சுவரம் இடம் மாறிவிடும். அதனால்தான் இடித்த பழைய வீடுகளின் தூணையும் உத்தரத்தையும் தேடிப் போகிறார்கள். ஒரு தலைமுறைக்கு மேல் கூரையைத் தாங்கிய மரம் இனி அசையாது. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த பாரி நாயனம் (நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த வகை)தான் இன்றைக்குக் கச்சேரி மேடையில் நிற்கிறது. அந்த வேலைத் திறமைக்குப் பக்கபலம் இந்த மரம். பழைய வீடுகளோ எண்ணி முடியக்கூடியவை. இன்றைக்கே ஆச்சாவை அறுத்து, தேதி போட்டு, நிழலில் அடுக்கி ஆற வைக்கும் கிடங்கு ஒன்று அரசு செலவில் வேண்டும். பலன் தெரியப் பல பத்தாண்டு ஆகும். அவ்வளவு காலம் முதலீட்டை முடக்கிவைக்கத் தனிப்பட்டறையால் முடியாது.

சீவாளி இன்னும் நுட்பம். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை வெட்டி, உலர்த்தி, பக்குவப்படுத்தி, தட்டி மடித்து, நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். தண்டு மெலிந்தால் நாதம் கீச்சிடும், தடித்தால் ஊதுகிறவருக்கு மூச்சு வாங்கும். நாயனத்தோடு சரடில் நாலைந்து சீவாளியும் ஒரு குத்தூசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு இல்லை, எச்சிலில் ஊறி ஊறி ஒரு சீவாளி தளர்ந்ததும் கச்சேரி நடுவிலேயே அடுத்ததை மாட்டத்தான். குழல் ஆண்டுக்கணக்கில் உழைக்கும், சீவாளி உழைக்காது. புல் இல்லாமல் போனால் எல்லா நாயனமும் ஒரே நேரத்தில் ஊமை.

கீழைக்காற்று பதில்:

மூன்றாம் கேள்விக்கு ஜப்பானைப் பாருங்கள், பொருத்தம் அப்படியே இருக்கிறது. அவர்களுடைய அரசவை இசையான ககாக்குவில் ஹிச்சிரிக்கி என்று ஒரு குழல். அதுவும் நம் நாயனம் போல இரட்டை நாக்குச் சீவாளிதான். அதற்கான நாணல் ஒசாகா அருகே யோதோ ஆற்றங்கரையில், உதோனோ என்ற இடத்தில் விளைகிறது.

ககாக்குவுக்கு என்ன மரியாதை குறைச்சல்? 1955இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள், 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அப்படியும் நாணல் அழியும் நிலைக்கு வந்தது. ஆற்றுப்படுகை தாழ்ந்ததால் கரை காய்ந்தது. குளிர்கால முடிவில் நாணல் காட்டுக்குத் தீ வைப்பது வழக்கம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு அது நின்றுபோனதும் கொடிகள் ஏறி நாணலை அமுக்கிவிட்டன. 2021இல் இசைக்காரர்களே இறங்கிக் கொடி பிடுங்க வேண்டியதாயிற்று. 2022இல் மறுபடி தீ வைத்தார்கள்.

அந்த நாட்டுச் சட்டத்தில் நமக்கு இல்லாத ஒரு பிரிவு உண்டு. 1950ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை 1975இல் திருத்தியபோது, கலைக்குப் பின்னால் நிற்கும் தொழில்களையும் தனியாகத் தேர்ந்து ஆதரிக்க வழி செய்தார்கள். அரக்குப் பால் எடுப்பது, காகிதக் கூழை அள்ளும் மூங்கில் தட்டி செய்வது, இசைக்கருவி நரம்புக்கான பட்டு நூல் நூற்பது எல்லாம் அதில் வரும். வாசிப்பவருக்கு விருது கொடுத்தால் போதாது என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

குடந்தை வாசகர்:

மிக்க நன்றி. ஜப்பான் மாதிரிச் சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதே? இப்போதைக்குப் புல்லுக்காக யாரிடம் எழுதிக் கொடுக்கலாம்? யுனெஸ்கோ பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வாய்க்கால் கரை பதில்:

புல்லுக்கு இருக்கிற சட்டத்திலேயே ஒரு கதவு உண்டு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதில் கொறுக்கையை வெறும் புல் என்று எழுதாமல், சீவாளிக்கு ஆவது, எந்தக் கரையில் எவ்வளவு நீளம், எந்த மாதம் வெட்டுவது என்று சீவாளிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். மேட்டூரை ஜூன் 12இல் திறப்பதை முன்வைத்து ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாருவார்கள். பொக்லைன் இறங்கினால் கரைப்புல் வேரோடு போய்விடும், ஓட்டுநருக்கு எது சீவாளிப் புல் என்று தெரியாது. ஆகவே ஜனவரி 26 கிராம சபையிலேயே தீர்மானம் போட்டு, புல் நிற்கும் இடத்தைப் புல எண்ணோடு குறித்து, நீர்வளத்துறைப் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் கொடுங்கள். மே 1 கிராம சபைக்குத் தள்ளினால் வேலை பாதி முடிந்திருக்கும்.

யுனெஸ்கோவுக்கு மனுவைத் தனி ஆளோ மன்றமோ நேரே அனுப்ப முடியாது, இந்திய அரசுதான் அனுப்பும். முதலில் நம் நாட்டுப் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். அது இல்லாமல் மனுவே செல்லாது. பிறகு ஐசிஎச்-02 படிவம், பத்துப் படம், ஐந்து முதல் பத்து நிமிடக் காணொளி, சமூகத்தாரின் சம்மதக் கடிதங்கள். மார்ச் 31 கடைசி நாள். ஏற்கெனவே நிறையப் பதிவுகள் வைத்திருக்கும் நம் நாட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு மனு கிடைத்தாலே பெரிது. வரிசையில் மற்ற மாநிலங்களும் நிற்கின்றன.

சம்மதக் கடிதம் வாங்கும்போது வித்வான்களோடு நின்றுவிடாதீர்கள். தவில்காரர், உலவு கடைபவர், சீவாளி கட்டுபவர், புல் வெட்டுபவர் என்று எல்லோரிடமும், அவரவர் சொல்லிலேயே, தமிழிலேயே வாங்குங்கள். மொழிபெயர்ப்பை இணைத்தால் போதும். ஒரே வாசகத்தை அச்சடித்துக் கையெழுத்து மட்டும் வாங்கிய கடிதங்களை மதிப்பீட்டுக் குழு குறையாகவே எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புத் திட்டம் என்ற பகுதியில் விழா, மாநாடு என்று நிரப்பாமல், மேலே ஆச்சாமரம் சொன்ன மரக் கிடங்கையும் கொறுக்கைக் கரையையும், யார் பொறுப்பு, எவ்வளவு செலவு, எந்த ஆண்டுக்குள் என்று எழுதுங்கள்.